பூத்ததில் எத்தனை காய்க்கும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆலிவ் எண்ணெய் பற்றி வந்த குறிப்பைப் படித்துவிட்டுப் புதுச்சேரி வாசகி ஒருவர் எழுதிய கடிதமும், மா பூத்தும் காய்க்கவில்லை என்று கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களும் வெவ்வேறு மரங்களைப் பற்றியவை என்றாலும், கேட்பது ஒன்றையே: தன்னிடம் உள்ள சத்தை ஒரு மரம் பூவுக்கும் காய்க்கும் அடுத்த ஆண்டின் தளிருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது? ஆகவே பூச்சி, உரம் பற்றிய மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்த இதழின் பக்கங்களை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் குடும்பத்துடன் பிரான்சில் மார்செய் நகருக்கு அருகே வசிக்கிறார். அவர் வீட்டு முற்றத்தில் இரண்டு முதிய ஆலிவ் மரங்கள் உள்ளன. சென்ற ஆண்டு கிளை தாழக் காய்த்த அவை, இந்த ஆண்டு பேருக்குக்கூடக் காய்க்கவில்லை என்கிறார். நீரும் எருவும் இரண்டு ஆண்டும் ஒன்றுபோலத்தான் கொடுத்தாராம். மரம் களைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். மரத்துக்குக் களைப்பு உண்டா?
– வாசகி, லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: பக்கத்து வீட்டார் சொல்வது பாதி சரி. ஓராண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு சும்மா இருப்பது ஆலிவ் மரத்தின் இயல்பு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமானியர்கள் இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஆண்டு காய்க்காமல் போனதற்கான முடிவு இந்த ஆண்டில் எடுக்கப்பட்டதன்று. சென்ற ஆண்டுக் காய்கள் இன்னும் பச்சைப் பிஞ்சாகத் தொங்கிக்கொண்டிருந்த கோடைகாலத்திலேயே அது பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

இது விளங்க வேண்டுமானால், ஆலிவ் எந்த இடத்தில் பூக்கிறது என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில், எதிரெதிராக அமைந்த ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் அந்த மொட்டு ஒரு சிறு பூங்கொத்தாக விரியலாம், தளிராக நீளலாம், ஒன்றும் ஆகாமல் அப்படியே கிடக்கவும் செய்யலாம். முதிர்ந்த பழங்கிளைகளில் பொதுவாகப் பூ வருவதில்லை. அந்த ஆண்டே விட்ட இளந்தளிரிலும் வருவதில்லை. ஆகவே, வரும் ஆண்டில் அதிகபட்சம் எத்தனை பூங்கொத்துகள் வர முடியும் என்பதை இந்த ஆண்டு கிளை எவ்வளவு நீண்டது என்பதே தீர்மானிக்கிறது. காய் மண்டிய மரத்தில் கிளை நீள்வதில்லை. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையைக் காய்கள் முதலில் இழுத்துக்கொள்கின்றன, தளிருக்கு மிஞ்சுவது கொஞ்சம், கணுக்கள் குறைகின்றன, கணு குறைந்தால் மொட்டும் குறைவு. அண்ணனிடம் சொல்லி, சென்ற ஆண்டு நிறையக் காய்த்த ஒரு கிளையில் அந்த ஆண்டு வளர்ந்த பகுதியை மட்டும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். காய்க்காத கிளை ஒன்று அருகில் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இடம் குறைவது மட்டும்தான் காரணம் என்றால், இருக்கிற சில மொட்டுகளாவது பூக்க வேண்டும் அல்லவா? அவையும் பூப்பதில்லை. அதற்குக் காரணம் விதை. ஆலிவ் பூத்து ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரத்தில் காயின் உள்ளே இருக்கும் கொட்டையின் ஓடு கெட்டிப்படுகிறது. அதற்கு முன்பே ஒரு கிளையின் காய்களைப் பறித்துவிட்டால், அந்தக் கிளை மறு ஆண்டு நன்றாகப் பூக்கிறது. ஓடு கெட்டிப்பட்ட பிறகு பறித்தால், பறித்த பலன் மிகக் குறைவு. கலிபோர்னியாவில் 1980-களில் நடந்த ஒரு சோதனையில், காயைப் பறிக்காமல் உள்ளிருக்கும் விதையை மட்டும் கொன்றுவிட்டுப் பார்த்தார்கள். மறு ஆண்டுப் பூப்பு கூடியது. காயின் சதை மரத்திலேயே இருந்தது, அது சத்தை உறிஞ்சவும் செய்தது. இருந்தும் பூ வந்தது. வளரும் விதையிலிருந்து செல்லும் ஏதோ ஒரு செய்தி, பக்கத்து மொட்டுகளைப் பூவாக மாறவிடாமல் தடுக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது.

சத்துக் கணக்கிலும் ஆலிவ் சற்று விசேஷமான மரம். மாம்பழம் சர்க்கரையையும் நீரையும் சேர்த்து வைக்கிறது. ஆலிவ் எண்ணெயைச் சேர்க்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்தை உருவாக்கச் செடிக்கு ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான சர்க்கரை போதும். ஒரு கிராம் எண்ணெய்க்கோ ஏறத்தாழ மூன்று கிராம் சர்க்கரை செலவாகிறது. நன்கு முதிர்ந்த ஆலிவ் காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், கிளை தாழக் காய்த்த ஒரு மரம் அந்தக் கோடையில் எவ்வளவு செலவு செய்திருக்கும் என்று தாங்களே ஊகிக்கலாம். காய்ப்பு ஆண்டில் காய்கள் சிறுத்தும், தாமதமாகப் பழுத்தும், எண்ணெய் குறைந்தும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அண்ணன் செய்யக்கூடியது என்ன? இந்த ஓய்வு ஆண்டில் மரம் நீளமாகத் தளிர் விட்டிருக்கும். அடுத்த வசந்தத்தில் பூ கொட்டும். பூ வருவதற்கு முன், குளிர் கடந்தவுடன், கிளைகளை ஓரளவு கவாத்து செய்து பூவின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால், இந்த ஏற்ற இறக்கம் மட்டுப்படும். முற்றாக நின்றுவிடாது. காய்ப்பு இல்லாத ஆண்டில் கோபித்துக்கொண்டு கடுமையாக வெட்டுவதும், இன்னும் எரு கொட்டுவதும் நிலைமையை மோசமாக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அதே வாசகியின் இரண்டாவது கேள்வி. நர்சரியிலிருந்து ஆலிவ் என்று வாங்கி மாடியில் தொட்டியில் வைத்த செடி, ஆண்டுக்கணக்காகத் தழைக்கிறது. ஒரு பூகூட விட்டதில்லை. எங்கள் வீட்டு மல்லிகையும் ஆலிவும் ஒரே குடும்பம் என்கிறார்கள். மல்லிகை இப்படிப் பூக்கும்போது அதற்கு என்ன குறை?

பதில்: ஒரே குடும்பம்தான், மல்லிகை, முல்லை, பவழமல்லி, ஆலிவ் எல்லாம் உறவு. ஆனால் மல்லிகை வெயில் ஏற ஏறப் பூக்கும். ஆலிவுக்குக் குளிர் வேண்டும். கோடையில் பூவாக மாறத் தகுதி பெற்ற மொட்டு, அடுத்த குளிர்காலத்தின் குளிரை அனுபவித்தால்தான் உண்மையில் பூவாகிறது. 1950-களில் கலிபோர்னியாவில் செய்த சோதனைகளில், குளிர்காலம் முழுவதும் 16 டிகிரிக்குக் கீழே இறங்காத கூடத்தில் வைத்திருந்த மரங்கள் பச்சைப்பசேல் என்று இருந்தன, பூக்கவில்லை. இரவில் ஏறக்குறைய 2 டிகிரி வரை தாழ்ந்து, பகலில் 15 டிகிரியை ஒட்டி ஏறும் நிலை வாய்த்தவை நன்றாகப் பூத்தன. புதுச்சேரியில் மார்கழி தையில்கூட இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பூவுக்கான சமிக்ஞை வராதவரை, அந்தச் செடிக்குத் தன் வருமானத்தைச் செலவிட ஒரே வழிதான் உண்டு: இலையும் கிளையும். தழைப்பு அதனால்தான். இராசத்தானத்தில் 2007-இல் இஸ்ரேலிலிருந்து கன்றுகளை வரவழைத்து நட்டார்கள், 2014-இல் பிகானேர் மாவட்டத்தின் லூன்கரண்சரில் எண்ணெய் ஆலையும் அமைத்தார்கள் என்றால், அந்தப் பாலைவனத்தின் குளிர்கால இரவு நம் கடற்கரை இரவைப் போன்றதன்று.

இன்னொன்று. தங்களிடம் இருப்பது உண்மையில் ஆலிவ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலோன் ஆலிவ் என்ற பெயரில் விற்கும் மரம் ருத்ராட்சத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் இலை அகன்று, விளிம்பு பற்களோடு, ஒன்று விட்டு ஒன்றாக அமையும். பழுத்த இலை சிவந்து உதிரும். அசல் ஆலிவின் இலை ஒடுங்கியது, எதிரெதிரே அமைவது, கீழ்ப்புறம் வெள்ளி பூசியது போல் வெளிறியிருக்கும். சிலோன் ஆலிவாக இருந்தால் மகிழ்ச்சியடையலாம். அது நம் வெப்பத்திலும் காய்க்கும்.

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் தை மாதம் இலை தெரியாமல் பூத்தது. பங்குனியில் பார்த்தால் ஒரு கொத்துக்கு ஒரு பிஞ்சு நிற்பதே அரிதாக இருக்கிறது. பல கொத்துகள் வெறும் குச்சிகள். மருந்துக் கடையில் கேட்டால் ஆளுக்கொரு பாட்டில் தருகிறார்கள். இது நோயா, சத்துக் குறைவா?
– வாசகர், பண்ருட்டி வட்டம்

பதில்: தாங்கள் விவரிப்பதில் பெரும்பகுதி நோயுமன்று, குறைபாடுமன்று. ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரம் முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். ஆயிரத்துக்கு ஒன்று பழமாக நின்றாலே மரம் தாங்க முடியாத காய்ப்பு. ஆலிவிலும் இதே கதை: முதிர்ந்த மரம் ஒன்று ஏறத்தாழ ஐந்து இலட்சம் பூக்களைப் பூக்கக்கூடும், முழுப் பூப்பிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவற்றில் மிகப் பெரும்பகுதி உதிர்ந்துவிடும், இறுதியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ காயானால் அதுவே முழு விளைச்சல்.

இவ்வளவு பூ எதற்கு, வீண்தானே என்று தோன்றும். கலியாண வீட்டில் அழைப்பிதழ் அச்சடிக்கும் செலவும் இலை போடும் செலவும் ஒன்றல்ல. பத்திரிகை ஊருக்கெல்லாம் போகும், இலை வந்து உட்கார்ந்தவர்க்கே. மரத்தின் பூ அந்தப் பத்திரிகை போன்றது. இதழும் மகரந்தமும் சில நாளில் உதிர்ந்துவிடும் சில்லறைச் செலவு. கொட்டையும் சதையும் மாதக்கணக்கில் நீளும் பெருஞ்செலவு. எந்தப் பூவில் மகரந்தம் சேரும், எந்த வாரம் மழை கொட்டும், எத்தனை பிஞ்சுக்குச் சர்க்கரை கிடைக்கும் என்பதெல்லாம் பூக்கும் நாளில் மரத்துக்குத் தெரியாது. ஆகவே செலவு குறைந்த கட்டத்தில் தாராளமாகப் பூத்துவிட்டு, செலவு ஏறும் கட்டத்தில் கை சுருக்குகிறது.

அந்தச் சுருக்கம் பூவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைத் தாங்களே பார்க்கலாம். அடுத்த முறை பூக்கும்போது, காலையில் விரிந்த ஒரு கொத்தை ஒடித்து வெள்ளைத்தாளில் தட்டி, கைக்கண்ணாடியால் நோக்குங்கள். சில பூக்களின் நடுவே மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு சிறு உருண்டை இருக்கும். அதன் பக்கவாட்டிலிருந்து வளைந்த மயிர் போன்ற ஒரு தண்டு எழும். அருகே இளஞ்சிவப்புத் தலையுடன் ஒரே ஒரு நல்ல மகரந்தக் கேசரம் நிற்கும். இந்த உருண்டைதான் சூலகம். இந்தப் பூ மட்டுமே காயாக முடியும். மற்றப் பூக்களில் கேசரம் இருக்கும், உருண்டை இராது. பெரும்பாலான கொத்துகளில் இந்த ஆண்பூக்களே அதிகம். அவை ஒருபோதும் மாங்காய் ஆகா. எந்தப் பாட்டிலும் அவற்றை மாற்றாது.

ஆலிவில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. அங்கே எல்லா மொட்டுகளும் சூலகத்தோடுதான் தொடங்குகின்றன. விரிவதற்குச் சில வாரம் முன்பு, பலவற்றில் சூலகம் வளர்ச்சி நின்று, விரிந்த பூவின் நடுவில் பழுப்பு நிறப் புள்ளியாகக் கிடக்கிறது. அந்த வாரங்களில் நீர் தட்டினாலோ, இலை குறைந்திருந்தாலோ, தழைச்சத்து போதாவிட்டாலோ இப்படி நிற்கும் சூலகங்களின் எண்ணிக்கை கூடுகிறது. பெரிய காய் காய்க்கும் ஊறுகாய் ஆலிவ் இரகங்களில் சூலகமும் பெரிது. ஒவ்வொன்றையும் வளர்க்கும் செலவும் கூடுதல். ஆகவே அந்த இரகங்களில் பாதியில் கைவிடப்படும் சூலகங்களும் அதிகம், பூவுக்கு நிற்கும் காயும் குறைவு. சிறு காய் இரகங்களில் நேர்மாறு. பெரிய காய் வேண்டும், நிறையக் காயும் வேண்டும் என்று கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மரம் கொடுக்கும் பதில் இது. சூலகம் இழந்த பூவும் வீணில்லை. அதன் மகரந்தம் காற்றில் பறந்து வேறு மரத்தின் விதைக்குத் தந்தையாகிறது, அதற்குச் செலவும் சொற்பம்.

இனி, எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறிய ஒரு வழி. பூ விரிந்து உதிர்ந்து, மிளகளவிலும் பட்டாணி அளவிலும் பிஞ்சுகள் கொட்டி, காம்பு மட்டும் உலர்ந்து நின்றால் அது மரத்தின் கழித்தல். கொத்து முழுவதும் விரியும் முன்பே கருகினாலும், வெண்சாம்பல் படிந்தாலும், இலைமேல் தேன் சிந்தியது போன்ற பிசுபிசுப்பும் அதன்மேல் கரும்பூசணமும் தெரிந்தாலும் சாம்பல் நோயையோ தத்துப்பூச்சியையோ சந்தேகிக்க வேண்டும். அப்போது மருந்துக்கு அவசியம் உண்டு. நீரைப் பொறுத்தவரை, பூ எடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் பாய்ச்சாமல் விட்டு, பிஞ்சு பட்டாணி அளவைத் தாண்டியபின் தொடர்ந்து கொடுப்பதுதான் நம் பகுதி வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை மார்கழிக்குள்ளும் நீண்டுவிட்டால், முற்றிய கிளை மறுபடியும் கொழுந்து விட்டுவிடும்; கொழுந்து விட்ட கிளை அந்தப் பருவத்தில் பூக்க வாய்ப்புக் குறைவு.

கேள்வி: காய்த்த மறு ஆண்டு காய்க்காததற்குக் காரணம் கையிருப்புச் சத்து தீர்ந்துவிடுவதா, விதை அனுப்பும் தடையா? இரண்டையும் பாடநூல்கள் சொல்கின்றன, எது சரி?
– மாணவர், காலாப்பட்டு, புதுச்சேரி

பதில்: மரத்துக்கு மரம் மாறுகிறது. வில்கிங் என்ற கமலா இரகம் காய்ப்பு ஆண்டில் தன் வேரிலுள்ள மாவுச்சத்தைத் துடைத்தெடுத்துவிடும். வேர் பட்டினி கிடந்து மரமே சரிந்துவிடுவதும் உண்டு. அங்கே பசிதான் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆலிவில் அப்படி இல்லை. இஸ்ரேலில் செறிவாகப் பயிரிடப்பட்ட எண்ணெய் ஆலிவ் மரங்களின் தண்டு, கிளை, வேர் எல்லாவற்றையும் அளந்து பார்த்தபோது, கனமாகக் காய்த்த ஆண்டிலும் கையிருப்பு வற்றிப்போகவில்லை. நெருக்கடி காலத்துக்கென்று மரம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது போலும். ஆகவே ஆலிவில் விதையின் தடையும் கிளை நீளாமையும்தான் முதன்மைக் காரணங்கள் என்பது என் முடிவு. விதையில் செறிந்துள்ள ஜிப்ரலின் வகை வளர்ச்சி ஊக்கிகள் இந்தத் தடையில் பங்கு கொள்கின்றன என்று கருதப்படுகிறது. மாவிலும் ஜிப்ரலின் தெளித்தால் பூப்பு தள்ளிப்போகிறது அல்லது தடைப்படுகிறது என்பது அதற்கு ஒத்துப்போகும் சான்று.

ஆனாலும் பசியும் செய்தியும் தனித்தனி அறைகளில் இருப்பவை என்று எண்ணிவிடக்கூடாது. பூத்த முதல் நான்கைந்து வாரங்களில் எந்தப் பிஞ்சு நிற்கும், எது உதிரும் என்று நடக்கும் போட்டி, அன்றன்று இலை தரும் சர்க்கரைக்கான போட்டிதான். ஒரு கிளையில் பாதிப் பூங்கொத்துகளைப் பூக்கும்போதே கிள்ளிவிட்டால், மிச்சமுள்ள கொத்துகளில் கூடுதலான காய்கள் நின்று பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகின்றன. ஒவ்வோர் ஆலிவ் சூலகத்திலும் நான்கு சூல்கள் இருந்தும் பொதுவாக ஒன்று மட்டுமே விதையாவதும் இந்தச் சிக்கனத்தின் இன்னொரு படி. தங்கள் ஊரிலேயே ஆய்வு செய்ய விரும்பினால், ஆலிவைத் தேட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும் நீலம் மாவையும், விட்டு விட்டுக் காய்க்கும் பங்கனப்பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அறுவடைக்குப் பின் எது எவ்வளவு விரைவில் புதுத்தளிர் விடுகிறது என்று பதிந்து வாருங்கள். வட இந்தியத் தசேரியோடு நீலத்தைச் சேர்த்து மல்லிகா, ஆம்ரபாலி இரகங்களை உருவாக்கியவர்கள் நீலத்திடம் தேடியது இந்தத் தவறாத காய்ப்பைத்தான்.

கேள்வி: எங்கள் பலாவில் விரல் நீளப் பிஞ்சுகள் கறுத்துப் பூசணம் பிடித்து உதிர்கின்றன. என்ன தெளிக்கலாம்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உதிர்வது பெரும்பாலும் பிஞ்சே அல்ல, ஆண் பூங்கதிர். மகரந்தம் உதிர்ந்ததும் அதன் வேலை முடிகிறது, மரம் அதற்கு மேல் அதற்குச் சத்து அனுப்புவதில்லை, கறுத்து விழுகிறது. காம்பு தடித்து, கதிரின் அடியில் வளையம் போன்ற ஒரு விளிம்பு இருந்தால் அது பெண். அது விழுந்தால் எழுதுங்கள்.

கேள்வி: முந்திரியில் கொட்டை முதலில் பெருத்துவிடுகிறது, பழம் கடைசியில்தான் ஊதுகிறது. ஏன் இப்படித் தலைகீழாக? மேலும், 2011-இல் தானே புயலில் கிளை முறிந்து மறுபடி தழைத்த எங்கள் மரங்கள் சில ஆண்டுகள் தழை மட்டுமே விட்டுக்கொண்டிருந்தது எதனால்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தலைகீழ் இல்லை, மரத்துக்கு எது முக்கியமோ அது முதலில். முந்திரிப்பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய்ச் சத்து. ஆலிவைப் போலவே விலையுயர்ந்த சரக்கு. மரம் முதலில் கொட்டையை முழு அளவுக்கு வளர்த்து, உள்ளே பருப்பை நிரப்பி, ஓடு கெட்டிப்படும்போது அது சற்றே சுருங்கவும் செய்கிறது. விதை உறுதியான பிறகுதான், கடைசி வாரங்களில், காம்பை ஊதச் செய்து பழமாக்குகிறது. அந்தப் பழம் பெரும்பகுதி நீரும் சர்க்கரையும். விதையைச் சுமந்து செல்லும் பிராணிகளுக்கான கூலி. விதை தேறாத கொத்துக்கு முன்கூட்டியே கூலி கொடுத்து மரம் நட்டப்படுவதில்லை.

புயல் பற்றிய கேள்வி கடலூர் மாவட்டத்தில் பலரும் கேட்டது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே, பூ எடுக்கும் பருவத்தில் மரங்களை முறித்துப் போட்டது. கிளையை இழந்த மரத்தில் வேர் பெரிது, தலை சிறிது; வேர் அனுப்பும் நீருக்கும் தழைச்சத்துக்கும் ஈடாக இலை இல்லை. அந்தச் சமநிலையை மீட்கும்வரை உறங்கிக்கிடந்த மொட்டுகள் நீர்க்கொம்புகளாகப் பாய்ந்து வளர்கின்றன. பாய்ந்து வளரும் கொம்பு பூப்பதில்லை. 1956 பிப்ரவரியில் தென்பிரான்சின் புரோவான்சு பகுதியை உறைபனி தாக்கியபோது ஆலிவ் தோப்புகள் கருகிப்போயின. அடிமரத்திலிருந்து துளிர்த்தவையும் உடனே காய்த்துவிடவில்லை, பல ஆண்டுகள் பிடித்தன. இதில் நாம் செய்யக்கூடியது, கொம்புகளில் வெளிப்புறம் சாய்ந்த சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழிப்பதுதான். எல்லாவற்றையும் மொட்டையடித்தால் மரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: ஓய்வு ஆண்டிலும் மாவைப் பூக்கவைக்கக் கல்டார் ஊற்றலாமா? பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கலாமா?
– வாசகர், பாகூர்

பதில்: கல்டார், மரத்துக்குள் ஜிப்ரலின் உருவாவதைத் தடுத்துத் தளிர் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் சத்தும் மொட்டும் பூவின் பக்கம் திரும்புகின்றன. வேலை செய்யும் மருந்துதான். ஆனால் அது புதிதாகச் சத்து எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பிடுங்கி ஒரு பக்கம் கொடுக்கிறது, மண்ணிலும் நெடுநாள் தங்குகிறது. ஆண்டுதோறும் ஊற்றிய தோப்புகளில் கொத்து குட்டையாகி நெருங்கிப்போவதைக் காணலாம். இளமரத்துக்கும் நலிந்த மரத்துக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து. பொட்டாசியம் நைட்ரேட் முறையைப் பிலிப்பைன்சில் ரமோன் பார்பா 1970-களில் நிலைநாட்டினார்; வெப்பமண்டலத்து மாவுக்கு அது பொருந்துகிறது. நன்கு முற்றி, கரும்பச்சை இலையோடு மொட்டு தயாராக நிற்கும் கிளையை அது எழுப்பிவிடும். இளங்கிளைமேல் எவ்வளவு தெளித்தாலும் பயனில்லை.

கேள்வி: அதிகம் காய்த்த ஆண்டில் பிஞ்சைக் கிள்ளிவிட்டால் அடுத்த ஆண்டும் காய்க்குமா? எப்போது கிள்ளுவது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஆலிவில் இதைத் தொழில்முறையாகவே செய்கிறார்கள். கலிபோர்னியாவில் ஊறுகாய் ஆலிவ் தோப்புகளில், முழுப்பூப்புக்குப் பின் 12 முதல் 18 நாட்களுக்குள் நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தைத் தெளித்துப் பிஞ்சைக் குறைக்கிறார்கள். நம் உரக்கடைகளில் பிளானோபிக்ஸ் என்று பூவும் பிஞ்சும் உதிராமலிருக்க விற்பதும் இதே பொருள்தான். மிகக் குறைந்த செறிவில் உதிர்வைத் தடுக்கும், செறிவு கூடினால் உதிர்க்கும். அளவுக் கோப்பையை அலட்சியம் செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் காலக்கெடுவுக்கும் காரணம் உண்டு: விதை உறுதிப்பட்டுத் தன் தடையைச் செலுத்துவதற்கு முன்பே, சர்க்கரையும் பெரிதாகச் செலவாவதற்கு முன்பே, எண்ணிக்கை குறைந்துவிட வேண்டும்.

வீட்டு மாமரத்தில் தெளிப்பு வேண்டாம், கை போதும். கோலிக்குண்டு அளவு வரும்போது, ஒரு கொத்தில் பல பிஞ்சுகள் நெருங்கி நின்றால் ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைக் காம்போடு கிள்ளுங்கள். கொட்டை முற்றிய காயை ஊறுகாய்க்குப் பறிப்பது மரத்துக்கு எடை குறைக்கும், அடுத்த ஆண்டுப் பூவுக்குப் பெரிய உதவி செய்யாது. மரத்தின் ஒரு பக்கக் கிளைகளில் மட்டும் இந்த ஆண்டு முழுவதும் கிள்ளிவிட்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டால், இரண்டு பக்கமும் மாறி மாறிக் காய்க்கும்படி பழக்கலாம். புதிதாக வைத்த ஒட்டுக்கன்றாக இருந்தால், முதல் மூன்று ஆண்டுகள் வரும் பூவை முழுவதுமாக ஒடித்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரே ஒரு காயாவது விடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், இசைய வேண்டாம்.